கம்பளி போர்த்திய பசை

பதுளையில் குளிருக்குப் பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பசைக்குக் குளிருமே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பிசின் அண்ணன்தான். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் போடிங் வீட்டில் அவருக்கு அடுத்த கட்டில் எனக்கு.

எபொக்சிப் பசை இறுகினால் கல்தான். ஓங்கித் தட்டினால் விரிசல் விடும். அதனால் அதில் கொஞ்சம் திரவ ரப்பரைக் கரைப்பார்கள். பசை இறுக இறுக ரப்பர் பிரிந்து குட்டி உருண்டைகளாக நின்று விரிசலை மறிக்கும். உருண்டைகள் எத்தனை பெரிதாக வரும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணிப்பதுதான் அண்ணனின் ஆராய்ச்சி. இதைச் சோற்றுத் தட்டில் பருப்பையும் எண்ணெயையும் வைத்து விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் நம் சோறு ஆறிவிடும்.

கம்ப்யூட்டர் ஓடும்போது அறையில் யாரும் அயன் போடக்கூடாது. "கரண்டு போச்சுன்னா ரப்பர் பாதியில நின்னுரும்டா" என்பார். அந்த ரப்பருக்காக நான் வாரக்கணக்கில் கசங்கிய சட்டையோடு வகுப்புக்குப் போனேன்.

இத்தனைக்கும் கணக்குப் பொருந்தவில்லை. கம்ப்யூட்டரில் கொழுத்த உருண்டைகள்; உண்மைப் பசையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பொடிசு பொடிசாய் இருந்தன. இரண்டு வருஷ உழைப்பு. ஆராய்ச்சியை மேற்பார்வையிட்ட யாழ்ப்பாணத்து மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவரேல்லையெண்டா தலைப்பை மாத்தும், தம்பி." அன்றிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. பருப்பு விளக்கமும் நின்றுபோனது. அது நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழன் மத்தியானம் காய்ச்சலோடு வந்து படுக்கப் போனால் என் கம்பளியைக் காணோம். இந்த மனுஷன் வேலைதான் என்று நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். மேசைமேல் பச்சைப்பிள்ளையைப் போல எதையோ என் கம்பளியில் சுற்றி வைத்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"பசைடா. இந்தக் குளிர்ல எப்படி இறுகும்? வீட்ல தோசமாவு பொங்கறதுக்குக் கம்பளி போர்த்தித்தானே வைப்போம்."

"எப்பவுமே போர்த்துவீங்களா?"

"ஆமா. என்னோட கம்பளி கிழிஞ்சு போச்சு. அதான் உன்னோடத எடுத்தேன்."

கையை வைத்தேன், சுட்டது. "அண்ணே, இது கொதிக்குது. கம்ப்யூட்டர்ல போர்த்தினீங்களா?"

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பசை இறுகும்போது தானாகவே சூடாகும். கணக்கில் அந்தச் சூடு காற்றோடு போய்க்கொண்டிருந்தது. இங்கே கம்பளிக்குள் தங்கி, ரப்பர் திரள்வதற்கு முன்பே பசையை இறுக்கிவிட்டது.

அன்றைக்கே கம்ப்யூட்டர் கணக்கிலும் சூடு வெளியேறாதபடி ஒரு கம்பளியைப் போர்த்தினார். வெள்ளி காலை உருண்டைகள் அச்சாகப் பொருந்தின. மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்: "எல்லாம் சரி. இதென்ன தம்பி, கணக்குக்குள்ள கம்பளி?"

அன்று அண்ணன் மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். பருப்பு விளக்கமும் மறுபடி தொடங்கியது. அப்பாடா என்று ஆறிப்போன சோற்றைச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

கம்பளியின் ஒரு மூலையில் பசை சிந்தி இறுகிவிட்டது. அண்ணன் புதுசு வாங்கித் தருகிறேன் என்றார், நான் விடவில்லை. எத்தனை தடவை அடித்துத் துவைத்தும் அந்த மூலை விரிசல் விடவில்லை. அண்ணன் இப்போது எங்கோ தூர தேசத்தில் இருக்கிறார். குளிர் நாளில் அந்த மூலை கழுத்தில் குத்தும்போது, பக்கத்துக் கட்டிலில் அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.