பாய் மன்னித்துவிட்டார்

மன்னிப்பாளர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு யார் என்ன தீங்கு செய்தார்கள் என்பதை ஊர் மறந்துவிடலாம். அவர் மன்னித்ததை மட்டும் மறக்க விடமாட்டார்.

கடப்பாக்கத்துக் கருவாட்டு வியாபாரி நைனா முகம்மது அந்த இனத்தில் உயர்ந்த ரகம். உலகம் அநியாயத்தால் நிரம்பியது, நியாயத்தை ஆண்டவன் பார்த்துக்கொள்வான், நம் வேலை மன்னிப்பது என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான், யார் இல்லையென்றது? ஆனால் வேலியை நகர்த்திப் போட்ட பங்காளி கிஃபாயத்துல்லாவை அவர் மன்னித்த செய்தி, முதலில் டீக்கடைக்கும், பிறகு சவரக் கடைக்கும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாசலில் செருப்புத் தேடுகிறவர்களுக்கும், கடைசியில் வேலி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத தபால்காரருக்கும் போய்ச் சேர்ந்தது. கிஃபாயத்துல்லா பாவம், வேலியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுப் பார்த்தார். அப்புறமும் மன்னிப்பு நின்றபாடில்லை.

ஒரு வருஷம் பாய்க்கு ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்தது. பம்பாயில் கப்பல். புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சும் தெரியாமயும் செஞ்சதைப் பொறுத்துக்குங்க" என்று கேட்டுவிட்டு வருவது வழக்கம். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர் பொறுத்தால்தான் பயணம் நிறைவாகும். பாயும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கேட்கவா? கொடுக்க!

"எல்லப்பா, போன ஐப்பசியில அழுகின மீனை என் தலையில கட்டிட்ட. மன்னிச்சுட்டேன்."

"நானில்ல பாய், அது என் மச்சான்."

"அவனையும் மன்னிச்சுட்டேன்."

இப்படி நாற்பது வீடு. திரும்பி வந்தால், மனைவி ராபியா கட்டுச்சோற்று மூட்டையோடு வாசலில் நின்றிருந்தாள். முக்கில் பஸ் ஹாரன் அடித்தது.

"எல்லார் வூட்டுக்கும் போனீங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே?"

"உங்கிட்டயா? நான் இன்னா செஞ்சேன்?"

"எங்கம்மா சாகக் கெடந்தப்போ மதுராந்தகத்துக்கு அனுப்பலியே. கருவாட்டு லோடு வந்துகீதுன்னீங்க. மவுத்தான மொகத்தைக்கூட நான் பாக்கல."

பாய் மூட்டையை வாங்கித் திண்ணையில் வைத்தார். இவளிடம் கேட்காமல் ஏறினால் கப்பல் போய்ச் சேரும், ஹஜ் போய்ச் சேருமா? நிஜமாகவே பயந்துபோனார்.

"பொறுத்துக்கோ ராபியா" என்று கேட்டார், கடப்பாக்கம் அதுவரை காணாத அதிசயம்.

"அன்னிக்கே பொறுத்துட்டேன். அழுதுகினே தொழுதேன், அல்லா கிட்ட சொல்லிட்டேன். பஸ் போயிடும், போங்க."

அவள் பொறுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. டீக்கடைக்கு இன்றுவரை தெரியாது.

செய்யூர் வருவதற்குள் பாய் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் திரும்பினார். "கெளம்பற நேரத்துல பொஞ்சாதி எம்மாம் பெரிய கேள்வி கேட்டுட்டா பாரு அண்ணாத்த. போவட்டும். அல்லாவுக்காக மன்னிச்சுட்டேன்."

சிரிக்கிறீர்கள். படிக்கும்போது உங்களுக்கும் யாரோ ஒருவருடைய முகம் ஞாபகம் வந்திருக்குமே? அவரை நீங்கள் எப்போதோ மன்னித்தாயிற்று, தெரியும். என்னிடமே மூன்று தடவை சொல்லியிருக்கிறீர்கள்.