பேட்டரி சார் பெண் பார்க்கப் போன கதை

பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிப் பசி பார்த்துப் பால் கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் மாடியில் குடியிருந்த பேட்டரி சார் தன் லேப்டாப்புக்குக் கரண்டு கொடுத்த பக்குவம் அப்படி!

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் நாங்கள் முதன்முதலாக லேப்டாப்பைப் பார்த்ததே அவரிடம்தான். அவர் வேலை பார்த்த பம்புசெட் கம்பெனி கொடுத்தது. "எப்பவும் பிளக்குல சொருகியே வைக்கக் கூடாதுக்கா. நல்லா பசிக்க விடணும். கீ கீன்னு கத்துச்சுன்னா உடனே ஊட்டிரணும். ஒரு நிமிசம் தப்புனா பேட்டரி போச்சு" என்பார். நான் படித்ததே அஞ்சாம் வகுப்பு வரைதான். தலையை ஆட்டி வைப்பேன்.

அது எங்கே கத்துகிறதோ அங்கே எந்தப் பிளக்கானாலும் பிடுங்குவார். சலூனில் விசிறியைப் பிடுங்கினார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மைக்செட்டையே பிடுங்கிவிட்டார்! வில்லுப்பாட்டுக்காரர் வாய் மட்டும் அசைகிறது, சத்தத்தைக் காணோம். தெருவே துரத்த, லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

இந்த லட்சணத்தில் வயசு முப்பத்தெட்டு. நாலு சம்பந்தம் தட்டிப்போயிற்று. "அஞ்சாவதும் போச்சுன்னா இனி பொண்ணே பாக்க மாட்டேன்க்கா. பொம்பள ஆளுன்னு நீங்களாவது கூட வாங்க" என்றார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், விக்கிரமசிங்கபுரம் பஸ் ஏறினேன்.

கிளம்பும்போதே லேப்டாப்பைக் காட்டி, "அதை வீட்டுல வச்சிட்டு வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"தனியா கெடந்து கத்துமேக்கா!"

பெண் வீட்டில் காப்பி வருவதற்குள் கீ கீ. மனுசன் எழுந்து, பிளக்கைத் தேடி நேரே அடுக்களைக்குள் போய்விட்டார். பார்க்க வந்த மாப்பிள்ளை அடுக்களைக்குள் நுழையலாமா? பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். கல்யாணப்பெண் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரைண்டரில் வடைக்கு ஆட்டுகிறாள். சார் கை பிளக்குக்குப் போனது.

"ஏ, கைய எடுங்க! மாவு பாதில நிக்குல்லா?"

"இது பசியில கத்துது..."

"கூடத்துல இருவது பேரும் பசியிலதான் இருக்காவ. அந்தால அந்த முக்காலில உக்காருங்க."

உட்கார்ந்தார்! மடியில் அது கத்திக் கத்தி ஓய்ந்து, திரை கறுத்தே போயிற்று. சார் அதைப் பார்க்கவில்லை. மாவு தள்ளுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டி முடித்தவள் தானே பிளக்கைப் பிடுங்கி, "இப்ப ஊட்டுங்க" என்றாள். நான் கூடத்துக்கு வந்து, வெட்கத்தை விட்டு, "தேதி பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தில் முதல் முடிச்சை அவர் போட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது. "அக்கா எங்க? அக்காவைக் கூப்பிடுங்க" என்று மணவறையிலிருந்தே சத்தம் போட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.