மூன்றாம் நாள் வாசிப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். நான் எழுதும் மூன்று, எட்டு மாதிரித் தெரியும். அச்சுக் கோக்கிறவர் பொறுமையாகப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மீற்றர் அண்ணையைப் போல எதையும் நம்பாத ஒரு மனிதர் இந்த ஜெர்மனி முழுவதிலும் இருந்ததில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால் யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். பஸ் வருகிறது என்றால் வீதியில் இறங்கி எட்டிப் பார்ப்பார். சோறு வெந்துவிட்டது என்று சமைத்தவன் சொன்னாலும் ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் நசுக்கிப் பார்த்த பிறகுதான் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார்.

ஊரில் அவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பால் நிலையத்தில் வேலை. கொண்டுவரும் பாலில் கண்ணாடி மீற்றரை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. இருபது வருடம் அதைச் செய்ததில் ஊர் முழுக்கப் பகை. நாட்டை விட்டு ஓடி வரும்போது நாங்கள் நகை, படம், பத்திரம் என்று கொண்டுவந்தோம். அவர் அந்த மீற்றரைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து என்ன என்று கேட்க, இவர் ஒரு கிளாஸ் பால் தந்தால் காட்டுகிறேன் என்று கையால் விளக்கினார். பின்னால் வரிசையில் நின்ற நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எங்களை ஹனோவரில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் தள்ளி, மூடிக் கிடந்த ஒரு பழைய விடுதியில் போட்டார்கள். வேலை செய்யக் கூடாது. அனுமதிக் கடதாசி இல்லாமல் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. சாப்பிடலாம், படுக்கலாம், கடிதத்துக்குக் காத்திருக்கலாம். மீற்றர் அண்ணை முதல் கிழமையே ஊரில் இருந்த மூன்று கடைப் பாலையும் வாங்கி அளந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, செத்த வீட்டுச் செய்தி சொல்வது போலச் சொன்னார்.

"ஒருத்தனும் தண்ணி கலக்கேல்லை."

அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் ஒரு மாதம் எழும்பவில்லை. நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தோம். ஆனால் நாட்டில் களவு இல்லை என்ற கவலையில் படுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவரை எழுப்பியது ஹவுஸ்மைஸ்ரர். அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர். விடுதி நடந்த காலத்தில் நிலவறையில் பியர் காய்ச்சியவராம். இப்போதும் தனக்கென்று அங்கே ஒரு பீப்பாய் காய்ச்சுவார். ஒரு நாள் குழாய் திருத்த எங்கள் அறைக்கு வந்தவர் பால் மீற்றரைக் கண்டார். கீழே போய் இன்னொரு கண்ணாடி மீற்றரைக் கொண்டுவந்தார். அது பியர் அளப்பது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து, இரண்டு பேரும் சாதகப் பொருத்தம் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்கள். கிழவருக்குக் கண்ணில் படலம், கோடு தெரியாது. எங்கள் ஆளுக்குக் கோடு மட்டும்தான் தெரியும். பாஷை இல்லாமலே சம்பந்தம் முடிந்தது.

மீற்றர் அண்ணை ஒரு துளி குடிக்காதவர். வாசம் பட்டாலே மூக்கைப் பொத்துவார். ஆனால் அளவு என்று வந்தால் பூசை. பீப்பாயில் இருந்து எடுத்த பியரை இரண்டு கிளாஸுக்கு இடையில் மாறி மாறி ஊற்ற வேண்டும், காற்றுக் குமிழி போகும்வரை. குமிழி மீற்றரில் ஒட்டினால் அதைத் தூக்கிவிடும், கோடு பொய் சொல்லும். சூடு சரியாக இருபது பாகை இருக்க வேண்டும். நிலவறையில் பத்துப் பாகைகூட இல்லாத நாட்களில் பியர் ஊற்றிய கண்ணாடிக் குழாயை என் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினார். அந்த வீட்டில் என்னால் ஆன ஒரே உபயோகம் அதுதான். பிறகு மீற்றரை மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டு, முழங்காலை ஊன்றி இருந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோவார். பாலில் மேல் விளிம்பைப் பார்ப்பார்களாம், பியரில் உள்ளே குழிந்திருக்கும் அடியைப் பார்க்க வேண்டுமாம். ஜெர்மனிக்கு வந்து அவர் மாற்றிக்கொண்ட பழக்கம் அது ஒன்றுதான்.

அவர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதுவேன். திகதி, சூடு, கோடு.

"உம்மட மூண்டு எட்டு மாதிரிக் கிடக்கு. நாளைக்கு ஆரும் பார்த்தால் என்னை விசரன் எண்டு நினைப்பினம்."

"இப்பவும் அப்பிடித்தான் அண்ணை நினைக்கினம்" என்று படியில் நின்று சொன்னது ராசன், என் பக்கத்துக் கட்டில்காரன். அளந்து முடிந்த பியரைத் திரும்பப் பீப்பாயில் ஊற்றக் கூடாது என்பது சட்டம். அது ராசனின் வயிற்றில் ஊற்றப்படும். அதற்காகவே அவன் தவறாமல் வருவான்.

சட்டங்களில் பெரியது மூன்று நாள் சட்டம். மூன்று நாள் தொடர்ந்து ஒரே கோடு காட்டினால்தான் பியர் புளித்துப் பொங்கி முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன் போத்தலில் அடைத்தால் வெடிக்கும். அடுத்த சட்டம், காய்ச்சலோ கைநடுக்கமோ வந்து அளக்க முடியாவிட்டால் கோட்டுக்குரிய இடத்தில் "பார்க்கேல்லை" என்று எழுத வேண்டும். அதில் வெட்கம் இல்லை என்பார். அந்தக் கொப்பியில் அப்படி எத்தனையோ நாட்கள் இருந்தன.

இதே சட்டத்தால்தான் அவர் அகதி விண்ணப்பம் முதல்முறை தள்ளுபடியானது. ஊரில் பால் நிலையம் எரிந்த அன்று எத்தனை ஆமிக்காரர் வந்தார்கள் என்று விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். நிலத்தில் படுத்திருந்தேன், கீழே கிடந்து பார்த்தால் சரியாகத் தெரியாது, ஆகையால் சொல்ல ஏலாது என்றாராம். யார் நெருப்பு வைத்தது? புகையைத்தான் கண்டேன், வைத்ததைக் காணவில்லை. விபரம் போதாது என்று கடிதம் வந்தது. நாற்பது பேர் என்று சொல்லியிருக்கலாமே என்று ராசன் தலையில் அடித்துக்கொண்டான். மேன்முறையீட்டில் தோற்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

வழக்குக்கு ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். மீற்றர் அண்ணை அனுமதி எடுத்து அவரைப் பார்க்க ஹனோவர் போன நாள், பீப்பாயில் மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் கோடு மூன்றில் நின்றது. நீரே பாரும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை எனக்கு ஊரில் இருந்து கடிதம் வந்தது. அம்மா போய், முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. அந்த வீட்டில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. பின்னேரம்வரை கட்டிலை விட்டு எழும்பவில்லை. கீழே போகவும் இல்லை.

மீற்றர் அண்ணை திரும்பி வந்ததும் கோட்டைப் பற்றித்தான் கேட்டார்.

"மூண்டு" என்றேன். "அதே மூண்டு."

"கண்மட்டத்தில பார்த்தனீரோ?"

"ஓம் அண்ணை."

மழையை நம்பாதவர், சோற்றை நம்பாதவர், அதை நம்பினார். அடுத்த நாள் போத்தலில் அடைத்தோம்.

இரண்டாம் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டு நேரம், அலுமாரிக்குள் வெடித்தது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. பதினாறு பேரும் கோப்பையோடு மேசைக்குக் கீழே போய்விட்டோம். ஒருவரும் அசையவில்லை. ராசன் ஒரு கையால் பருப்பை ஏந்தியபடி முருகா, முருகா என்றான். மீற்றர் அண்ணை மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"ஷெல் இல்லை. பியர்."

அதற்குப் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் சிலர் அழுதார்கள். அவர் மட்டும் கொப்பியை எடுத்துக்கொண்டு போனார். முதல் இரண்டு நாளும் தான் குமிழியைச் சரியாகப் போக்கவில்லை என்று முடிவுகட்டினார். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கத்தின் கீழே, "இந்த வாசிப்புப் பிழை, பொறுப்பு நான்" என்று தன் கையால் எழுதினார்.

வழக்கு நாளில் ஹவுஸ்மைஸ்ரர் தன் காரில் எங்களை ஏற்றிப் போனார். வக்கீலிடம் கொப்பியைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். வக்கீல் அதை நீதிபதியின் முன் வைத்து, இந்த மனிதர் தான் கண்டதை மட்டும்தான் சொல்வார், காணாததைக் காணவில்லை என்பார், விசாரணையிலும் அதைத்தான் செய்தார் என்று வாதாடினார். நீதிபதி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது போல இருந்தது. இதில் பிழையான வாசிப்பு ஒன்றும் இல்லையா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் போதும். ஒரு சொல்.

"ஒண்டு இருக்கு ஐயா" என்றார் மீற்றர் அண்ணை. "மூண்டு நாளும் வடிவாப் பார்த்தது எண்டு நினைச்சன். ஆனால் போத்தல் வெடிச்சிட்டுது. அப்ப என்ர கண் பிழைச்சிருக்கு."

வக்கீல் பேனையை மூடி வைத்தார். நான் பின்னால் போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன். எழும்பி நின்று, அன்று நான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் ரிக்கற் கேட்கவே குரல் வராத ஆள் நான். என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. தள்ளுபடி. அந்தப் போத்தலால்தானா, அது இல்லாவிட்டாலும் இப்படித்தானா என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. மீற்றர் அண்ணையின் சட்டப்படி பார்த்தால் எனக்கும் சொல்ல ஏலாது. ஆனால் படுத்தால் தெரிகிறது.

அவர் போன காலையில் பஸ் தரிப்பில் நானும் ஹவுஸ்மைஸ்ரரும் நின்றோம். கிழவருக்குக் கண் தெரியாது, ஒழுங்காக அளந்து கொடும் என்று என்னிடம் சொன்னார். நான் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, பஸ் வருது" என்று வந்தது.

அவர் வீதியில் இறங்கி எட்டிப் பார்த்தார். பிறகுதான் பெட்டியைத் தூக்கினார். பாரிஸில் கண்டதாக ஒருவர் சொன்னார், கனடா என்று இன்னொருவர். ஒருவரும் கண்மட்டத்தில் பார்த்தவர்கள் இல்லை.

கொப்பி என்னிடம் இருக்கிறது. அன்றில் இருந்து ஒரு நாளும் முழங்காலில் இருக்காமல் நான் கோடு எழுதியதில்லை. இன்று காலை அந்தப் பழைய பக்கத்தை எடுத்து, அவர் எழுதிய "பொறுப்பு நான்" என்பதை வெட்டினேன். மூன்றாம் நாளுக்கு நேரே என் கோணல் எழுத்தில் "பார்க்கேல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எந்த நாட்டிலாவது இந்தப் பத்திரிகை உங்கள் கையில் கிடைத்தால், நம்பாமல் வந்து பாருங்கோ அண்ணை. பக்கத்தில் இன்றைய திகதியும் போட்டிருக்கிறேன். அது மூன்று, எட்டு இல்லை. குனிந்து பார்த்துத்தான் எழுதினேன்.

3 மார்கழி 1989