சூளையார் கதவைச் சாத்திவிட்டார்

வாடிக்கையாளரைக் கண்டு நடுங்காத விளம்பர ஏஜென்சிக்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், என் மேஜைக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார். நான்கு வருடம் ஏழு மாதம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் தினமும் டைரி எழுதுகிறவன். மணி உட்பட எழுதுகிறவன்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எதிரில் 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'சூளையார்'. எங்களிடம் வருவதற்கு முன் பத்தொன்பது வருடம், செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடும் சூளைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள்.

எங்கள் ஏஜென்சியில் நான்கே நாற்காலிகள். ஒன்று முதலாளி பாஸ்கரனுக்கு. ஒன்று டிசைனர் கவிதாவுக்கு. பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண், எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். ஒன்று எனக்கு; வாசகம் எழுதுவதும் பிழை திருத்துவதும் என் வேலை. நான்காவது மேனேஜருடையது. வாடிக்கையாளரிடம் வேலையை வாங்கி, எங்களிடம் கொடுத்து, நேரத்துக்கு முடித்து வாங்குவது அவர் பொறுப்பு. பதினான்கு மாதத்தில் அந்த நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்து எழுந்து ஓடியிருந்தார்கள். மூன்றாமவர் டீ குடிக்கப் போனவர்தான். அவருடைய டிபன் பாக்ஸ் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

போயும் போயும் ஒரு சூளைக்காரரையா என்று முதலாளியைக் கேட்டேன்.

"ஆயிரத்து எரநூறு டிகிரி சூட்டுக்கு முன்னால நின்ன ஆளுங்க. நம்ம கிளையண்ட் அவரை என்னா பண்ணிடுவான்?" என்றார் முதலாளி.

முதல் நாள் முழுக்க அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீமுஷ்ணம் ஜவுளிக்கடை போன் செய்து எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னது. கவிதா பெரிதாக்கினாள். அரை மணி கழித்துச் சிறிதாக்கச் சொன்னது. சிறிதாக்கினாள். மாலை ஐந்து மணிக்கு அவர் வாயைத் திறந்தார்.

"மொதலாளி, இங்க யாரும் கதவே சாத்தறதில்லீங்களா?"

முதலாளி திரும்பி வாசலைப் பார்த்தார். "ஏசி கூட இல்லியே. எதுக்குச் சாத்தணும்?"

"அந்தக் கதவு இல்லீங்க. வேலைக்குக் கதவு. பாதி வெந்துட்டு இருக்கும்போது சூளையைத் தொறந்தா என்னா ஆவும்? அத்தினியும் படீர் படீர்னு வெடிச்சிடும். இங்க காலைலருந்து பதினோரு வாட்டி தொறந்தீங்க. அந்தப் பொண்ணு மூஞ்சைப் பாருங்க, விரிசல் வுட்டுக் கெடக்குது."

மறுநாள் காலை அவர் ஐந்து தட்டு கொண்ட இரும்பு ரேக் ஒன்றை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தட்டுகளுக்குச் சாக்பீஸால் பெயர் எழுதினார்: மண், அச்சு, காயுது, சூளை, ஆறுது. ஒரு சாக்குப்பை நிறையப் பழைய ஃபியூஸ் கட்டைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டை. வாடிக்கையாளர் பெயரெழுதிய சீட்டை அதில் நூலால் கட்டினார். வேலை நகர நகரக் கட்டையும் தட்டு மாறும்.

முதலாளி அப்போதுதான் இதே காரியத்துக்கு ஒரு செயலி வாங்கியிருந்தார். "போன்லயே எல்லாம் பாக்கலாங்க" என்று காட்டினார்.

"போன் எங்க இருக்குது?"

"என் பாக்கெட்ல."

"உங்க பாக்கெட்ல இருக்கறதை நாங்க மூணு பேரும் எட்டி எட்டிப் பாத்துட்டு இருக்க முடியுமா?"

செயலி அத்துடன் முடிந்தது.

அவருடைய முறை இதுதான். வாடிக்கையாளர் வந்து கேட்பதெல்லாம் மண். என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தாளில் நான் எழுதி அவருக்கே படித்துக் காட்டினால் அச்சு. அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் அந்த வேலையைத் தொடக் கூடாது. காயவேண்டும். அந்த ஒரு நாளில் வாடிக்கையாளர் எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம். மறுநாள் கையெழுத்து வாங்கியதும் கட்டை சூளைத் தட்டுக்கு ஏறும். ஏறினால் ஏறியதுதான்.

திட்டக்குடி அரிசி ஆலைக்காரர் ஒரு நாள் போனில் கத்தினார். "யோவ், என் மூட்டைல மயில் படம் வேணாம், அன்னம் போடுன்னா ஏன் போட மாட்டேங்கறே?"

"மயிலு வெந்துட்டு இருக்குதுங்க" என்று சொல்லி சூளையார் போனை வைத்துவிட்டார்.

வேலை முடிந்த பிறகும் உடனே அனுப்ப விடமாட்டார். சூடு ஆறவேண்டும். ஒரு நாள் கழித்து நான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கவேண்டும். எனக்கு இது வீண் என்றே தோன்றியது, ஒரு திருமண மண்டபத் திறப்பு விழாச் சுவரொட்டி வரும்வரை. மண்டபத்தின் படம், பெயர், குளிர்சாதன வசதி, வாகன நிறுத்தம் எல்லாம் இருந்தன. மண்டபம் எந்த ஊரில் இருக்கிறது என்பது மட்டும் இல்லை. முதல் நாள் நான்கு முறை படித்தபோது என் கண்ணில் அது படவே இல்லை.

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒருவர்தான் பேசவேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஜவுளிக்கடை அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் ஒருநாள் ஒன்றாக வந்தார்கள். மூத்தவருக்குச் சிவப்பு வேண்டும், நடுவருக்குப் பச்சை, இளையவருக்கு இருவருக்கும் பிடிக்காத ஏதாவது ஒரு நிறம். இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்த சூளையார் எழுந்தார்.

"உங்கள்ல பேசப்போறது யாருன்னு நீங்களே முடிவு பண்ணி வைங்க. நாங்க டீ குடிச்சிட்டு வந்துடறோம்."

எங்களை வெளியே வரச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்து வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளே சத்தம் ஏறியது. முதலாளிக்கு வியர்த்தது. "அண்ணே, தொறந்துடுவோங்க, அடிச்சிக்கப் போறாங்க."

"இருங்க மொதலாளி. இப்பத்தான் சூடு ஏறுது."

நாற்பத்திரண்டு நிமிடம் கழித்துத் திறந்தார். மூன்று பேரும் ஏகமனதாக முடிவெடுத்திருந்தார்கள்: இனிமேல் பேசப்போவது இளையவரின் மனைவி. மூவருமே பயப்படுகிற ஒரே ஆள் அவர்தானாம். அந்த அம்மாள் அன்றே போனில் வந்தார். "சிவப்பு" என்றார். வைத்துவிட்டார். அதைவிடச் சிறந்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

எங்களை அவர் கவனித்த விதமும் தனி. சூட்டின் அளவை அறிய சூளைக்குள் விரலளவு மண் கூம்பு ஒன்றை வைப்பார்கள். சூடு போதுமான அளவு ஏறியதும் கூம்பு தலையைச் சாய்க்கும். அதை ஓட்டை வழியே பார்த்துத் தீயைக் குறைப்பார்கள். சூளையாருக்கு எங்கள் தலைகள்தான் கூம்பு. மாலையில் என் கழுத்து கொஞ்சம் சாய்ந்தால் போதும். "மொதலாளி, ரைட்டரு சாஞ்சிட்டாரு. வூட்டுக்கு அனுப்புங்க." ஒருமுறை நான் கீழே விழுந்த பேனாவை எடுக்கத்தான் சாய்ந்தேன். கேட்கவில்லை. மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாஷ்பேசின் கம்பெனி விவகாரம் வந்தது. எங்கள் வேலையில் பாதி அவர்களுடையது. சென்னைக் கண்காட்சிக்காக அவர்களுக்கு ஒரு கேட்டலாக் தயாரானது. கம்பெனியின் ஜி.எம். கையெழுத்துப் போட்டு, கட்டை சூளைத் தட்டில் ஏறி, அச்சகத்துக்குப் போக இரண்டு நாள் இருக்கையில், அதே ஜி.எம். முப்பத்தேழு திருத்தங்கள் அனுப்பினார். எண்ணியவன் நான். நான்காவது திருத்தம், பின்னணியை வெள்ளையாக்கு. இருபத்தொன்பதாவது, பின்னணி நீலமாகவே இருக்கட்டும்.

"கதவு சாத்தியாச்சுங்க" என்றார் சூளையார்.

"அப்ப வருஷ ஒப்பந்தத்தையும் சாத்திடறேன். சென்னையில ஆயிரம் ஏஜென்சி இருக்குது" என்றார் ஜி.எம்.

முதலாளி எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை; சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அந்த ஒப்பந்தம் போனால் நான்கு நாற்காலி தாங்காது. மேனேஜர் இல்லாமல் ஓடாது; மற்ற இருவரில் பின்னால் சேர்ந்தவரைத்தான் நிறுத்தவேண்டியிருக்கும்.

கவிதா திருத்தப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அண்ணே, முப்பத்தேழையும் நானே போட்டுடறேன். ரெண்டு நாள் தூங்காம உக்காந்தா முடிஞ்சிடும்."

"நீ போட்டா நாளைக்கு முப்பத்தெட்டாவது வரும்மா. நான் நேர்ல போய்ப் பேசிட்டு வரேன். ரைட்டரே, நீங்களும் வாங்க. யாரு என்னா பேசினாங்கன்னு எழுதிக்க ஆளு வேணும்."

அவருடைய மொபெட்டில் கிளம்பினோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஜி.எம்.மை அவர்களுடைய சூளைக்கே கூட்டிப்போவது; எரிந்துகொண்டிருக்கும் சூளையின் கதவு முன்னால் நின்று, 'எனக்கு வெள்ளை பேசின் வேணாம், ரோஸ் வேணும், கதவைத் தொறங்க' என்று கேட்பது. "ஆடிப் போயிடுவாரு பாருங்க" என்றார். எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது.

ஜி.எம். பெருமையோடு கூட்டிப்போய்க் காட்டினார். பத்து பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியதுபோல் நீளமாக ஒன்று நின்றது. சூளையார் அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார்.

"கதவு எங்கங்க?"

"கதவா? அந்தப் பழசையெல்லாம் போன வருஷமே இடிச்சாச்சு. இது டனல் சூளை. வண்டில பேசினை அடுக்கி இந்தப் பக்கம் அனுப்பினா, வெந்து அந்தப் பக்கம் வந்துடும். நிக்காம ஓடிட்டே இருக்கும். கதவும் கெடையாது, தாழ்ப்பாளும் கெடையாது." ஜி.எம். அவர் தோளில் கை போட்டார். "வேலைன்னா இப்படி எப்பவும் தொறந்தே இருக்கணும் சார். வாங்க, என் கரெக்ஷனைப் பேசுவோம்."

சூளையாரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. டனல் சூளையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இந்தக் கம்பெனியில் இன்னும் பழசுதான் இருக்கும் என்று நம்பி வந்துவிட்டார். தொண்டையில் தயாராக நின்ற வசனத்தை விழுங்கினார். எனக்குக் கவிதாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"ஒரு நிமிஷம் பாத்துட்டு வரேங்க" என்றவர் பதினொரு நிமிடம் பார்த்தார். வண்டி ஒன்று உள்ளே நுழைந்தது. அடுத்த வண்டியில் பேசின்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் போனார்.

"ஏம்மா, இப்ப உள்ள போச்சே, அதைக் கொஞ்சம் பின்னால இழுக்க முடியுமா?"

"நல்லா கேட்டீங்க போங்க! பின்னால வரிசையா வண்டி நிக்குதில்ல? ஒண்ணை இழுத்தா அத்தினியும் கவுந்துடும்."

"சரி, உள்ள இருக்கறதுல எதுனா மாத்தணும்னா?"

"அடுத்த வண்டில வைங்க. அதான் வந்துட்டே இருக்குதே."

"உங்க ஜி.எம். சாரே சொன்னா?"

"யாரு சொன்னா என்னா? போன வாரம் அவரே ஓடியாந்து நிறுத்து நிறுத்துன்னாரு. நாங்க நிறுத்தலியே!"

ஜி.எம். இருமினார். சூளையார் திரும்பினார். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"சார், உங்க முப்பத்தேழும் அருமையான கரெக்ஷனு. ஒண்ணைக்கூட வுட மாட்டேன். எல்லாத்தையும் அடுத்த வண்டில ஏத்திடறேன்."

"அடுத்த வண்டின்னா?"

"அடுத்த வருஷக் கேட்டலாக்கு."

"அப்ப அடுத்த வருஷமும் வேலையை உங்ககிட்டயேதான் குடுக்கணும்?"

"ஆமாங்க. கரெக்ஷன் எல்லாம் எங்ககிட்டதான இருக்குது."

அந்த அம்மாள் தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜி.எம். அவளை முறைக்கப் பார்த்தார். முடியவில்லை, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பந்தம் தொடர்கிறது என்று அங்கேயே என் நோட்டில் எழுதினேன். மாலை நான்கு இருபத்தைந்துக்கு ஜி.எம். அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

வாசலில் மொபெட்டைக் கிளப்பும் முன் சூளையார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க ரைட்டரே. இனிமே வேணாம்." பக்கத்தில் குப்பைத்தொட்டி எதுவும் இல்லாததால் பையில் வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் கவிதா மேஜை இழுப்பறையைக் காலி செய்து சாமான்களை ஒயர்கூடையில் அடுக்கி வைத்திருந்தாள். சூளையார் நேராக அவளிடம் போனார். கூடையை வாங்கி மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு. நாளைக்கு நெறைய வேலை இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அன்று அவள் இரண்டாவது பஸ்ஸில்தான் போனாள்.

மறுநாள் ரேக்கில் ஆறாவதாக ஒரு தட்டு முளைத்தது: அடுத்த வண்டி. அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளரையும் அவர் 'முடியாது' என்று சொன்னதாக என் டைரியில் இல்லை. போன வருடம் மகள் வீட்டோடு இருப்பதற்காக ஓசூர் போய்விட்டார்.

அந்தத் தாளைக் கிழிக்கும் முன் படித்தேன். தொழில் புத்தி. முதலாளிக்கு எழுதியிருந்தார்: 'கவிதாவை நிறுத்த வேண்டாம். அந்தப் பெண் இப்போதுதான் பதமாகி வருகிறது. நான் வெந்து முடித்தவன். என்னை இறக்கிவிடவும்.' தேதி போடவில்லை. எந்த நாளிலிருந்து என்று சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது. எல்லாம் சேர்த்து ஐந்து திருத்தங்கள் தேவைப்படும் கடிதம் அது. டைரிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒன்றையும் திருத்தவில்லை.