பியாட்றிஸ் ரீச்சரின் போத்தில்

பாலேஸ்வரிக்குத் தன்னுடைய சிறுநீர்ப் போத்திலைவிடப் பக்கத்து வீட்டுப் பியாட்றிஸ் ரீச்சரின் போத்தில்தான் வடிவாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே கபில நிறம். போன கிழமை ஊர் மருத்துவத் தாதி நல்லம்மா மிஸி பெண்களுக்கெல்லாம் அவித்துக் கழுவிக் கொடுத்த பழைய மருந்துப் போத்தில்கள். ஆனால் பியாட்றிஸ் தன்னுடையதைப் பூப்போட்ட கைலேஞ்சியில் சுற்றி, ஏதோ கோயிலுக்குக் காணிக்கை கொண்டு போவதுபோல ஏந்திக்கொண்டு வந்திருந்தாள். பாலேஸ்வரியின் போத்தில் வந்தது வெங்காயச் சருகு ஒட்டிய பழைய பையில்.

"உதுக்கும் ஒரு சோடினை!" என்று பாலேஸ்வரி வாய்க்குள் முணுமுணுத்தாள்.

கோப்பாய் வாசிகசாலையில் அன்று பெண்கள் கிளினிக். "விழுந்து படுத்தாப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வாறியள். விழ முன்னம் ஒருக்கால் வாங்கோவன்" என்பது நல்லம்மா மிஸியின் கட்சி. பிறசர் பார்ப்பாள், நிறை பார்ப்பாள், மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று குளிக்கும்போது தாங்களே தடவிப் பார்க்கப் பழக்குவாள். அதைச் சொல்லும்போது எல்லோரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டுக்குப் போனதும் கிணற்றடி மறைப்புக்குள் நின்று, ஒருத்தி விடாமல் தடவியும் பார்ப்பார்கள்.

இதிலெல்லாம் பாலேஸ்வரிக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பியாட்றிஸில்தான். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த வேலிக்கு அப்பால் எல்லாம் ஒரு படி மேலேதான். ரீச்சரின் ரோசாச்செடி பூக்கும், இவளுடையது இலையோடு நிற்கும். சண்டையால் சாமான் வரத்து நின்று ஊரில் சவர்க்காரமே இல்லாத காலத்திலும் ரீச்சரின் சேலை மடிப்புக் குலையாது. சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன கிளினிக்கில் பிறசர் பார்த்துவிட்டு மிஸி எல்லோருக்கும் முன்னால் கத்தினாள்.

"ரீச்சரைப் பாருங்கோ! இந்த வயதிலை குமர்ப்பிள்ளையின்ரை பிறசர்!"

அடுத்தது பாலேஸ்வரி. "அக்கா, உப்பைக் குறையுங்கோ."

அவ்வளவுதான். அன்று முழுக்கப் பாலேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. பிறசரில்கூடவா அந்த மனுஷி முந்தவேண்டும்?

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்றும் இருந்தது. எறும்பு. இரவில் அவசரத்துக்கு ஒதுங்குகிற வேலி மூலையில் சில நாட்களாக எறும்பு மொய்த்துக் கிடந்தது. பாலேஸ்வரியின் தாய் சீனி வருத்தத்தில் காலை இழந்து, பாயோடு கிடந்து போனவள். அவளுக்கும் முதலில் வந்தது எறும்புதான். இன்றைக்கு மிஸி அத்தனை பேருக்கும் முன்னால் சலத்தை நீல மருந்து விட்டுக் காய்ச்சி, சீனி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறாள். தனக்குச் சிவப்பாகி, பியாட்றிஸுக்கு நீலமாகவே நின்றுவிட்டால்? வருத்தத்தைத் தாங்கலாம், அதைத் தாங்க முடியாது.

வாசிகசாலை மேசையில் மிஸி பெயர் எழுதிய கடதாசித் துண்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் அந்தந்தப் போத்திலை வைக்கச் சொன்னாள். பாலேஸ்வரியின் போத்திலுக்குப் பக்கத்திலேயே பியாட்றிஸின் போத்தில்.

"முதல் எல்லாரும் நிறை பாப்பம். பாலேஸ்வரி அக்கா, வாங்கோ."

மிஸியின் தராசு பழுதாகிவிட்டதால், சங்கத்தில் வெங்காய மூட்டை நிறுக்கிற தராசை இரவல் வாங்கி முற்றத்து மாமரத்தடியில் வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வெளியே ஓடினார்கள். பாலேஸ்வரி ஏறி நின்றதும் "அக்கா, எத்தினை அந்தர் வெங்காயம்?" என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு அடங்க முன்னமே பாலேஸ்வரி இறங்கி உள்ளே வந்துவிட்டாள்.

உள்ளே பியாட்றிஸ் மட்டும் மேசையருகே நின்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்ன ரீச்சர், ஏலாமக் கிடக்கே?"

"சீச்சீ, ஒண்டுமில்லை. சரியான புழுக்கம்," என்று அந்தப் பூப்போட்ட லேஞ்சியால் விசிறிக்கொண்டாள்.

"பியாட்றிஸ் ரீச்சர், நிறுக்க வாங்கோ!"

ரீச்சர் போனதும் வெளியே நின்ற கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது. மேசையடியில் இப்போது பாலேஸ்வரி தனியே. கண்ணை மூடி "நல்லூரானே, மன்னிச்சுக்கொள்" என்றாள். இரண்டு போத்திலையும் இடம் மாற்றி வைத்தாள். பியாட்றிஸின் பொருள் ஒன்று முதன்முதலாகத் தன் பெயரில் வந்துவிட்டது என்று ஒரு சந்தோசம்கூட வந்தது.

மிஸி மெழுகுதிரியைக் கொளுத்தினாள். ஸ்பிரிற் லாம்புக்கு ஊற்ற ஸ்பிரிற் கிடைக்கிற காலமா அது? கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதில் சில துளி சலம் விட்டுக் காய்ச்சினாள். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. செங்கல் நிறமானால் கூடின சீனி. முதல் ஆட்களுக்கு நீலம். பியாட்றிஸ் என்ற பெயரில் இருந்ததும் நீலம்.

பாலேஸ்வரி என்ற பெயரில் இருந்தது பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல்லாக வந்து நின்றது.

"ஐயோ அக்கா!" என்றாள் மிஸி.

பாலேஸ்வரிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. அட கடவுளே! சிவப்பு பியாட்றிஸின்ரை! அப்படியென்றால் அந்த நீலம்?

"ரீச்சரின்ரையைப் பாருங்கோ," என்று மிஸி அந்தக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். "ஒரு மாசுமறுவில்லாத நீலம்! எப்பிடி உடம்பை வைச்சிருக்கவேணுமெண்டு உவவிட்டைக் கேட்டுப் பழகுங்கோ!"

பெண்கள் கை தட்டினார்கள். பியாட்றிஸ் சிரிக்கக்கூட இல்லை, தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். அடக்கமாம், அடக்கம்! பாலேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது. அது அவளுடைய நீலம். பெற்றவள் இங்கே நிற்க, பேர் வாங்குகிறவள் அங்கே நிற்கிறாள். தன் சொந்தச் சிறுநீரில் பொறாமைப்பட்ட பெண் கோப்பாயில் அவளுக்கு முன்னும் இருந்திருக்க மாட்டாள், பின்னும் வரமாட்டாள்.

எறும்புக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. வேலியில் ஓட்டையாய்க் கிடந்த பொட்டுக்குள்ளால் பியாட்றிஸ் வீட்டுப் பக்கமிருந்து வந்த எறும்பாகத்தான் இருக்கும்.

"இனிச் சீனியும் இல்லை, பனங்கட்டியும் இல்லை," என்றாள் மிஸி. "குரக்கன் பிட்டு, கீரை. விடிய எழும்பி நடை. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தமும் சோதிச்சுப் போட்டு வாங்கோ."

ரத்தம் சோதித்தால் சீனி இல்லையென்று வரும். இல்லையென்று வந்தால் மிஸி துருவுவாள். ஆகவே பாலேஸ்வரி பட்டணத்துக்குப் போகிறேன் என்று புறப்பட்டு, நல்லூரில் கும்பிட்டு, நிழலில் ஆறுதலாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்னவாம்?" என்று புருசன் சண்முகநாதன் கேட்டார்.

"சாப்பாட்டிலை பாத்துக்கொள்ளட்டாம்."

அவர் உடனே பனங்கட்டிக் குட்டானை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒரு கடிகூட இல்லையே?"

"உம்மடை கொம்மாவின்ரை காலை நினைச்சுப் பாரும்."

அவள் நினைத்துப் பார்த்தாள். அங்கேதான் அடுத்த கரைச்சல் தொடங்கியது. அம்மாவின் கால் போனதுபோல இனிப் பியாட்றிஸின் காலல்லவா போகப் போகிறது? எரிச்சல் வேறு, கால் வேறு. அதோடு ரீச்சர் பாயில் விழுந்தால் ஊரே சட்டி சட்டியாகச் சமைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடும். "பாவம், தங்கமான மனுஷி" என்று அழும். அதையும் வேலிக்கு இப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டவே வேண்டாம். உண்மையைச் சொல்லாமலே அந்த மனுஷியைக் காப்பாற்ற வேண்டும்.

"ரீச்சர், தனிய நடக்க ஒரு மாதிரிக் கிடக்கு. துணைக்கு வாறியளே?"

"ஓம், வாறன்!" பியாட்றிஸ் யோசிக்கவேயில்லை.

விடிய இருவரும் தோட்டவெளியில் நடந்தார்கள். பாலேஸ்வரி இரண்டடி முன்னுக்குப் போவாள். பியாட்றிஸ் மூச்சு வாங்க எட்டிப் பிடிப்பாள். பிறகு பாலேஸ்வரிக்குப் பொறுக்காது, இன்னும் கெதியாக நடப்பாள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுகிறவர்கள், இவர்களின் ஓட்டத்தைக் கண்டு, சுட ஹெலி வருகிறதாக்கும் என்று அண்ணாந்து பார்த்தார்கள்.

நடையோடு நிற்கவில்லை. பாவக்காய்க் கறி ஒரு கிண்ணம் வைத்து வேலிப் பொட்டுக்குள்ளால் நீட்டினாள்.

"எனக்கெண்டு காய்ச்சினனான் ரீச்சர். நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்கோ."

அயல் வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பினால் அந்தப் பக்கங்களில் மரியாதையில்லை. பின்னேரம் கிண்ணம் திரும்பி வந்தது. நிறையப் பனங்காய்ப் பணியாரம்.

"சாப்பிடும் பாலேஸ். ஒண்டும் செய்யாது," என்றாள் பியாட்றிஸ் பொட்டுக்குள்ளால்.

பாலேஸ்வரி திகைத்துப் போனாள். சீனி வருத்தக்காரி என்று ஊருக்கெல்லாம் தெரிந்த ஒருத்திக்குப் பணியாரமா! 'என்னைக் கொல்லவே பாக்கிறாள், பாதகத்தி!' ஆனால் தனக்குத்தான் சீனி இல்லையே. வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போய் ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள். நன்றாகத்தான் சுட்டிருந்தாள், அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் கசப்புப் போதாதென்று பாவக்காயைப் பிழியாமலே கறி வைத்து அனுப்பினாள். கிண்ணம் தித்திக்கத் தித்திக்கத் தொதலோடு வந்தது. பெரிய கிண்ணத்தில் அனுப்பினாள். பெரிய கிண்ணம் நிறையப் பணியாரம் வந்தது. இரண்டு வீட்டுக்காரரும் கோபம் பிடித்தவர்கள்போல ஒருவருக்கொருவர் சாப்பாடு போட்டார்கள்.

பாலேஸ்வரிக்கு நாளும் பொழுதும் தண்ணீர் விடாய்த்தது. நடக்கிறேனே, விடாய்க்காதா என்று செம்பு செம்பாகக் குடித்தாள். இரவில் பலதரம் எழும்பினாள். தண்ணீர் குடித்தால் எழும்பத்தானே வேண்டும்? நடையில் கல்லடித்துப் பெருவிரலில் வந்த சிறு காயம் கிழமைக்கணக்கில் ஆறவில்லை. செருப்பு உரசுதாக்கும் என்று சீலைத்துண்டு சுற்றினாள். சட்டை தொளதொளத்தபோது மட்டும் கண்ணாடிக்கு முன்னால் நின்று சந்தோசப்பட்டாள். பியாட்றிஸைவிட மெலிந்துவிட்டாளே!

ஆனால் ஊர்வாய்க்கு என்ன தெரியும்? சங்கக்கடையில் ஒருத்தி சொன்னாள்: "ரீச்சர் மெலிஞ்சு குமர் மாதிரி வந்திட்டா. நீங்கள் என்ன அக்கா, வாடிக் கருகிப் போனியள்?"

பாலேஸ்வரி மறுநாள் காலை இன்னும் கெதியாக நடந்தாள். பாதி வழியில் பின்னால் சத்தம் இல்லை. திரும்பினாள். பியாட்றிஸ் வரம்பில் குந்தியிருந்தாள். உதடு வெளுத்து, கண் சொருகியது.

"ரீச்சர்! ரீச்சர்! ஐயோ, என்னெண்டு சொல்லுங்கோவன்!"

"பாலேஸ்... நான் உமக்கொரு..." அதற்கு மேல் வரவில்லை.

தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து பியாட்றிஸைத் தூக்கினார்கள். பாலேஸ்வரி நிற்கவில்லை. நொண்டி நொண்டி மிஸியின் வீட்டுக்கு ஓடினாள். சீனி தலைக்கேறிவிட்டது, ரீச்சர் சாகப் போகிறாள், கொன்றது நான்தான். வழி முழுக்க அழுதாள். நடையில் தின்னவென்று இடுப்பில் செருகியிருந்த பணியாரப் பொட்டலம் மட்டும் பத்திரமாக இருந்தது.

"மிஸி, நான் பாவி!"

நல்லம்மா மிஸி பல்லு விளக்கிய முகத்தோடு வெளியே வந்தாள். பாலேஸ்வரி படியில் இருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். எறும்பு, பொறாமை, போத்தில், நல்லூர், எல்லாம். நடுவில் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு பணியாரத்தைக் கடித்துக்கொண்டாள்.

"போத்திலை மாத்தினனீங்களே? உங்களுக்கென்ன விசரே அக்கா!"

"அவ அவ்வளவு வடிவா நிண்டா மிஸி. எனக்குத் தாங்கேலாமப் போச்சு. அவவுக்குத்தான் சீனி. எனக்கு ஒண்டுமில்லை. கெதியா வாங்கோ, அவவின்ரை காலைக் காப்பாத்துங்கோ!"

மிஸி பையை எடுக்கக் குனிந்தவள், பாலேஸ்வரியின் பெருவிரலைப் பார்த்தாள்.

"உதென்ன சீலை?"

"அது சும்மா கல்லடிச்சது. ஆறாமக் கிடக்கு. அதை விடுங்கோ!"

படலையில் சைக்கிள் மணி கேட்டது. பியாட்றிஸின் புருசன் நோர்மன். மிசன் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவர். வேர்க்க விறுவிறுக்க இறங்கினார்.

"மிஸி, அவவுக்கு இப்ப பறவாயில்லை. பசி மயக்கம்தான். தேத்தண்ணி குடுத்தன், எழும்பியிட்டா. தனக்குச் சீனி வருத்தமெண்டு எனக்கும் ஒளிச்சுப் பத்தியம் இருந்திருக்கிறா."

"தனக்கெண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் பாலேஸ்வரி, வாயில் பணியாரத்தோடு.

நோர்மன் அவளைக் கண்டு கூசிப்போய்த் தலையைச் சொறிந்தார். "நீங்களும் இஞ்சையோ? உங்கடை முகத்திலை முழிக்க வெக்கப்பட்டுத்தான் என்னை மிஸியிட்டை அனுப்பினவ. அண்டைக்கு நீங்கள் மாமரத்தடியிலை நிறுக்கப் போன நேரம், பயத்திலை தன்ரை போத்திலையும் உங்கடை போத்திலையும் மாத்தி வைச்சவவாம். தோட்டத்திலை பாடுபடுற உங்களுக்குச் சீனி வராது எண்ட நினைப்பு. தன்ரை பிழையாலை நீங்கள் வீணாப் பத்தியம் கிடக்கிறியள் எண்டுதான் நாளாந்தம் பணியாரம் சுட்டது."

"இல்லையே மாஸ்ரர்! அதுக்குப் பிறகு அவ நிறுக்கப் போன நேரம் நானல்லோ மாத்தினனான்!"

நோர்மன் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு விரலை நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றினார். மறுபடியும் மாற்றினார். பிறகு மெல்லக் கையை நீட்டினார்.

"பாலேஸ்வரி, அவ ஒருக்கால் மாத்தி, நீங்களும் ஒருக்கால் மாத்தினா, போத்தில் ரண்டும் தன்தன்ரை இடத்துக்கே வந்திருக்கும்... அந்தப் பணியாரத்தை இஞ்சை தாங்கோ."