தெரியாது என்றவளுக்குத் தண்ணீர் இல்லை

மூடுமலை நாட்டின் உச்சியில் ஓர் அரண்மனை இருந்தது. அதன் கதவு திறந்து யாரும் கண்டதில்லை. உள்ளே பேரரசர் இருக்கிறார் என்றது உண்டுக் கட்சி. ஒருவரும் இல்லை என்றது இல்லைக் கட்சி. இரண்டும் மாறி மாறி ஆண்டன. ஏரியை மட்டும் இருவருமே தூர்வாரவில்லை.

வயலுக்குத் தண்ணீர் வேண்டுபவர் மதகின்முன் நின்று “இருக்கிறார்” என்றோ “இல்லை” என்றோ உரக்கச் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சிப் பதிலுக்கு முழு மடை, மற்றதற்கு அரை மடை. பூவாயி என்பவள், நட்ட பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது, “எனக்குத் தெரியாதுங்க” என்று சொல்லித் தொலைத்தாள்.

மதகுக்காரர் சடையன் திகைத்துப்போனார். இந்தப் பதிலுக்கு எவ்வளவு திறப்பது?

விசாரிக்க இரு கட்சித் தலைவர்களும் ஒரே பல்லக்கில் வந்தார்கள்.

“தெரியாதுன்னா இல்லைன்னுதானம்மா அர்த்தம்? கூச்சப்படாம எங்க பக்கம் வந்துடு” என்றார் இல்லைக் கட்சியின் வாதசிகாமணி.

“அது வேற, இது வேறங்கய்யா. நீங்க இல்லைன்னு முடிவு கட்டிட்டீங்க. அவரு இருக்காருன்னு முடிவு கட்டிட்டாரு. நான் பாக்காம எதைச் சொல்லட்டும்?”

“ராஜதுரோகம்!” என்று சீறினார் உண்டுக் கட்சியின் திருமுடியார். அவர்தான் அப்போது முதலமைச்சர்.

அன்றே ஆணை பிறந்தது: இனி இந்நாட்டில் எவரும் ‘தெரியாது’ எனச் சொல்லலாகாது. மீறினால் சிறை. பூவாயிக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அடடா, அதன்பின் நாட்டில் பெருகிய அறிவை என்னவென்று சொல்ல! வைத்தியர் எல்லா நோய்க்கும் தயங்காமல் பேதி மருந்து கொடுத்தார். வழி கேட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் வேறெங்கோ ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுத் திரும்பினார்கள். பூவாயியின் வயல் வெடித்துக் கிடந்தது. 

பிறகு மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாடிய பயிர் நிமிர்ந்த வேளையில் ஏரி தளும்பிவிட்டது.

“கரை தாங்குமா?” என்று கேட்டார் திருமுடியார்.

சடையனுக்குத் தெரியாது. சொன்னால் சிறை. “தாங்கும் பிரபு!” என்றார்.

“எல்லாம் பேரரசர் கருணை” என்றார் திருமுடியார்.

“அஞ்சுவது மூடத்தனம்” என்றார் வாதசிகாமணி. இருவரும் விருந்துண்ணப் போனார்கள்.

கீழே ஊர் பதறிக்கொண்டிருந்தது. “ஏனுங்கக்கா, கரை தாங்குமா?”

“தெரியாது. வாங்க, போய்ப் பாப்போம்!” என்றாள் பூவாயி.

மண்வெட்டிகளோடு ஊரே ஓடியது. தென்கரையில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வைக்கோலும் மண்ணும் திணித்து, மூட்டைகளை அடுக்கி, பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட்டார்கள். கரை நின்றது. பெண்கள் போட்ட குலவை மலையில் மோதித் திரும்பியது.

மழை வெறித்து, கதிர் பால் பிடிக்கும் நேரம், மறுபடி தண்ணீர் விடும் நாள் வந்தது. கரையைக் காத்தது பேரரசரா, பகுத்தறிவா என்று இரு தலைவர்களும் மதகடியில் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மலையில் இருக்கிறாரா?” என்று வழக்கம்போலக் கேட்டார் சடையன்.

“தெரியாது!” என்றது ஊர் மொத்தமும்.

இத்தனை பேருக்குச் சிறை ஏது? சடையன் சிரித்தபடி முழு மடையையும் திறந்துவிட்டார். முதல் தண்ணீர் பூவாயி வயலுக்குள் பாய்ந்தது. அவள் அழுதுவிட்டாள், சந்தோஷம்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைவர்களிடம் திரும்பினாள். “ஏனுங்க, அந்தக் கதவையும் ஒருநடை போய்த் திறந்து பாத்துடலாமா?”

“வேண்டாம்!” என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

ஊர் அவர்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறத் தொடங்கியது.