வேரோட வாங்க!

காவிரிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், கடைக்கு வருகிறவர்களை விரட்டுவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கும் ஒரே மனிதர் 'வேரோட'தான். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரை நினைத்தாலே கோபம் வரும். இதை எழுதும்போதும் வருகிறது.

விஷயம் இதுதான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி என் மனைவி வசந்தா ஒரு பூப்பாத்தி போட்டிருக்கிறாள். ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை, ஓரத்தில் துளசி. பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கத்திவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு அந்தப் பாத்திதான் உயிர். போன வருஷம் முட்டியில் ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு உட்கார்ந்து களை பிடுங்க முடியவில்லை. நான் இருக்கிறேனே என்பீர்கள். என் இடுப்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

புல் மண்டிவிட்டது. இதற்காகவே காத்திருந்த அபார்ட்மெண்ட் செகரட்டரி, "பாம்பு வரும் சார். அடுத்த மாசக் கூட்டத்துல பேசி டைல்ஸ் போட்டுடலாம். ரெண்டு கார் நிக்கும்" என்றார். அதில் ஒன்று அவருடைய கார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வசந்தா பாத்தி தெரியும் ஜன்னலைச் சாத்திவிட்டாள். அது இன்னும் மோசம்.

பூச்செடியை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கொல்லும் மருந்து இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சந்துக் கடையைத் தேடிப் போனேன்.

"புல்லு மருந்து ஒரு பாட்டில் குடுங்க."

"எந்தப் புல்லு?"

"புல்லுங்க. பச்சையா இருக்கும்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். "மாடு கூட மோந்து பாத்துட்டுத்தான் திங்குது. வேரோட பிடுங்கிட்டு வாங்க."

"சார், நான் ஸ்ரீரங்கத்துலேர்ந்து வரேன்."

"ஸ்ரீரங்கத்துல வேர் கிடையாதா? போயிட்டு வாங்க."

திருச்சிக்காரர் அல்லவா, கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார். எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். விவரமாக போனில் படம் எடுத்து வந்திருந்தார். "போட்டோவை வேரோட எடுத்தீங்களா?" என்று அவரையும் அனுப்பினார். அடுத்து வந்த அம்மாள், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொல்லும் மருந்து கேட்டார். "அதுக்கு சிமெண்டுக் கடைக்குப் போங்கம்மா" என்றார். உப்பிலியபுரத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் கல்யாணத் தாம்பூலப் பையில் மண்ணோடு களையைக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு மட்டும் ஸ்டூல் போடப்பட்டது.

மறுநாள் பஸ்ஸில் வேரோடு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் தன் வெள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என்னை முறைத்தார்.

"அருகு" என்றார் 'வேரோட', தொட்டுப் பார்த்து. ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். அகல இலைச் செடிகளை ஒன்றும் செய்யாது, புல் சாதியை மட்டும்தான் பிடிக்கும் என்றார். "லேபிளைப் படிங்க. கையுறை போடுங்க. காத்து அடிக்கிறப்ப அடிக்காதீங்க. முதல் நாளே தண்ணி விட்டு, புல்லு செழிப்பா இருக்கிறப்ப அடிங்க."

"சாகப் போற புல்லுக்கு விருந்தா?"

"வாடின புல்லு மருந்தை உள்ள இழுக்காதுங்க. படிச்சவர்தானே நீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையாருக்கென்று வசந்தா ஒரு கைப்பிடி அருகம்புல் கிள்ளி வைத்துக்கொண்ட பிறகு தெளித்தேன். பத்து நாளில் அருகு வெளுத்தது. இன்னொரு வாரத்தில் காய்ந்து சுருண்டது. ரோஜாவுக்கு ஒரு இலை கூட வாடவில்லை. ஆனால் அருகு போன இடத்தில் வேறொரு புல் கம்பீரமாக எழுந்து நின்றது. மறுபடி தெளித்தேன். மருந்தைக் குடித்துவிட்டு இன்னும் ஒரு சாண் வளர்ந்தது. கூட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. செகரட்டரி டைல்ஸ் சாம்பிளைப் பாத்தியின் விளிம்பிலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் புல்லில் ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தினேன். சந்தில் கூட்டம் கூடியது.

"ஏமாத்திட்டீங்க! கோரைப்புல்லு ஒண்ணு கூடச் சாகல!"

அவர் அசையவில்லை. தண்டு ஒன்றை என் விரல்களுக்கு நடுவே வைத்தார். "உருட்டுங்க."

உருட்டினேன். உருளவில்லை. மூன்று பட்டையாக இருந்தது.

"புல்லுத் தண்டு உருளும். இது உருளாது. இது கோரை. புல்லே கிடையாது."

"கோரைப்புல்லுன்னுதானே ஊரே சொல்லுது?"

"ஊரு சொல்லும். வெங்காயத்தாமரைன்னும்தான் சொல்லுது. சாம்பார்ல போடுவீங்களா?"

கூட்டம் சிரித்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. "சரி, இதுக்கு என்ன மருந்து?" என்றேன்.

"உங்க பூச்செடி பிழைச்சு, இது மட்டும் சாகறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. அடியில கிழங்கு இருக்கு. தோண்டணும்."

"யார் தோண்டறது? என் பொண்டாட்டியால உட்கார முடியாது, என்னால குனிய முடியாது. ஞாயித்துக்கிழமை டைல்ஸ் போட முடிவு பண்ணப் போறாங்க. அவ அதுக்கப்புறம் எதைப் பாத்துட்டு உட்காந்திருப்பா?" அந்தக் கோபத்தில் கும்பிடு கூடப் போடாமல் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி நேரத்தில் வாசலில் அவர். பில்லில் எழுதிய விலாசத்தை வைத்துத் தேடி வந்திருக்கிறார். கையில் செய்தித்தாளில் சுற்றிய களைக்கொத்து. "பாத்தி எங்க?" என்று மட்டும் கேட்டார். மண்ணில் உட்கார்ந்தவர் திட்ட ஆரம்பித்தார். தண்ணீர் விட்ட விதத்துக்கு என்னை, நெருக்கி நட்டதற்கு வசந்தாவை, ஒளிந்துகொண்டதற்குக் கிழங்கை. ஒரு வகுப்பையே கண்ணால் அடக்கியவள், அடங்கிப்போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாளியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க எல்லார் மேலயும் இவ்வளவு கோவம்?" என்றேன், தாங்க முடியாமல்.

களைக்கொத்து நிற்கவில்லை. "கடை போட்ட புதுசு. லால்குடிப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. வயல்ல புல்லு மண்டிடுச்சு, புல்லு மருந்து குடுங்கன்னாரு. எந்த வயல்னு நான் கேக்கல. இதே மாதிரி மருந்தை எடுத்துக் குடுத்துட்டேன். நெல்லும் புல்லு சாதிதான் சார்."

மண்ணிலிருந்து ஒரு கிழங்கை உருவி வாளியில் போட்டார்.

"மொத்த வயலும் வெளுத்துப் போச்சு. வந்து என்னை அடிச்சிருந்தாத் தேவலை. 'எனக்கு ஒழுங்கா கேக்கத் தெரியலைங்க, மன்னிச்சுக்குங்க'ன்னு அவரு என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு."

அந்த நேரம் பார்த்து செகரட்டரி டைல்ஸ் சாம்பிளோடு வந்தார். 'வேரோட' ஒரு கிழங்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது மேலயா டைல்ஸ் போடப் போறீங்க? இது தார் ரோட்டையே குத்திக்கிட்டு வரும். உங்க டைல்ஸ் இடுக்குல முளைக்கும், உங்க கார் டயருக்குப் பக்கத்துல முளைக்கும். அப்ப என் கடைக்கு வந்தீங்கன்னா உள்ள விட மாட்டேன்!"

செகரட்டரி ஒரு அடி பின்வாங்கினார். சாயங்காலக் கூட்டத்தில், "பாத்தி இப்போதைக்கு இருக்கட்டும்" என்று அவரே சொன்னார்.

கோரை ஒரு தடவையில் போகாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவர் வந்தார், தோண்டினார், எங்கள் இருவரையும் திட்டினார், இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார். இப்போது பாத்தியில் கோரையே இல்லை, இனி அவர் வர வேலையும் இல்லை. செம்பருத்திக்குப் பின்னால் மட்டும் ஒரு கொத்துக் கோரை இருக்கிறது. அவர் கண்ணில் இன்னும் படவில்லை. நேற்று வசந்தா அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காதது போல் வந்துவிட்டேன்.